‘தேங்க்ஸ் சொல்லு’ என்று எத்தனை முறைதான் சொல்வது?

கேள்வி: எனக்கு 4 வயதில் ஒரு மகன், ஒன்றரை வயதில் ஒரு மகள். போன வாரம் மகனுக்கு என் நாத்தனார் ஒரு பொம்மை ரயில் வாங்கி வந்தார். ஆசையாகப் பிரித்தவன், “இது என்கிட்டயே இருக்கே” என்று சொல்லிவிட்டு ரயிலை அங்கேயே போட்டுவிட்டு, அது வந்த அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு விளையாடப் போய்விட்டான். “அத்தைக்குத் தேங்க்ஸ் சொல்லு” என்று நாலைந்து முறை கெஞ்சினேன், அப்புறம் அதட்டினேன். வாயைத் திறக்கவே இல்லை, கடைசியில் அழுதுவிட்டான். நாத்தனார் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் முகம் வாடிப்போனது. மாமியார் மட்டும் “இப்பவே இப்படின்னா…” என்று இழுத்தார். அது இன்னும் காதில் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

6 வருடம் காத்திருந்து பிறந்தவன் இவன், மேடம். அதனாலேயே தினமும் ராத்திரி நன்றி சொல்ல மூன்று விஷயங்களை எழுதி வைக்க ஒரு நோட்டு போட்டேன். இப்போது அந்த நோட்டைத் திறந்தாலே அழுகை வருகிறது. காலையில் அவனுக்கு சாக்ஸ் போடுவதற்குள் கத்திவிடுகிறேன். வேலைக்குப் போய் கைப்பையைத் திறந்தால் உள்ளே கூழாங்கல், காய்ந்த இலை, உடைந்த மூடி, எல்லாம் அவன் போட்டு வைத்தது, அதைக் கொட்டிச் சுத்தம் செய்வதே ஒரு வேலையாகிவிட்டது. பிள்ளைக்கு நன்றி சொல்லத் தெரியவில்லை என்று கோபப்படும் எனக்கே நன்றியுணர்வு இல்லையோ என்று தோன்றுகிறது. நான் எங்கே தப்பு செய்கிறேன்?

பதில்:

அன்புள்ள தோழிக்கு, உங்கள் கடிதத்தில் நான் இரண்டு முறை படித்த வரி அந்தக் கைப்பை வரிதான். அதற்குக் கட்டாயம் வருகிறேன். முதலில் அந்த ரயில் விஷயத்தைப் பேசிவிடலாம், ஏனென்றால் உங்களை அதிகம் உறுத்துவது அதுதான் என்று தெரிகிறது.

ஒருவர் தந்ததற்கு உள்ளே நன்றி ஊற வேண்டுமென்றால் ஒரு பிள்ளைக்கு எவ்வளவு விஷயம் புரிந்திருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். அத்தை எங்கோ இருந்தபோது என்னை நினைத்தார், எனக்கு எது பிடிக்கும் என்று யோசித்தார், தன் நேரத்தைச் செலவழித்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தார், இதே ரயில் என்னிடம் ஏற்கெனவே இருப்பது அவருக்குத் தெரியாது, நான் சந்தோஷப்படுவேன் என்று நம்பி வந்திருக்கிறார், இப்போது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். இத்தனையும் ஒரே நொடியில் அந்தச் சின்னத் தலைக்குள் ஓட வேண்டும். இதில் கடினமான இடம், ‘எனக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியாது’ என்பது. ஹெய்ன்ஸ் விம்மர், யோசப் பெர்னர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1983-ல் குழந்தைகளுக்கு ஒரு குட்டிக் கதை சொன்னார்கள். ஒரு பையன் சாக்லேட்டை ஓர் அலமாரியில் வைத்துவிட்டு வெளியே போகிறான், அவன் இல்லாத நேரத்தில் அம்மா அதை எடுத்து வேறு அலமாரிக்கு மாற்றிவிடுகிறாள், திரும்பி வந்ததும் அவன் எங்கே தேடுவான்? 3 வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் சாக்லேட் இப்போது இருக்கும் அலமாரியைத்தான் காட்டுவார்கள். தனக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரியும் என்பது அந்த வயதின் நம்பிக்கை. 4, 5 வயதில்தான் ‘அவனுக்குத் தெரியாதே’ என்ற எண்ணம் மெல்லப் பிடிபடுகிறது.

உங்கள் மகன் அந்த வாசற்படியில் நிற்கிறான். “இது என்கிட்டயே இருக்கே” என்று அவன் சொன்னது அத்தையை அவமதிக்கச் சொன்னதில்லை. கண்ணுக்குத் தெரிந்த உண்மையை அப்படியே சொல்லியிருக்கிறான், அவ்வளவுதான்.

சரி, பிடிக்காவிட்டாலும் முகத்தில் காட்டாமல் இருக்கலாமே என்றால், அது இன்னும் பெரிய வித்தை. கரோலின் சார்னி என்பவர் 6 முதல் 10 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு, வேண்டுமென்றே கைக்குழந்தைக்கான பொம்மையைப் பரிசாகக் கொடுத்து அவர்கள் முகத்தைக் கவனித்தார். 1984-ல் வெளிவந்த ஆய்வு அது. பெரிய பிள்ளைகள் ஓரளவு சிரித்துச் சமாளித்தார்கள், சின்னவர்களுக்கு ஏமாற்றத்தை மறைப்பது அவ்வளவாக வரவில்லை. அங்கே சின்னவர்கள் என்று சொல்வதே 6 வயதுக்காரர்களை! உங்கள் மகனுக்கு 4. பெரியவர்கள் நாமே பிடிக்காத பரிசைப் பிரிக்கும்போது கன்னத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டுதானே சிரிக்கிறோம், அந்தப் பயிற்சி நமக்கு வர எத்தனை வருடம் ஆகியிருக்கும்?

அப்புறம் ‘தேங்க்ஸ்’ என்ற சொல். எஸ்தர் கிரீஃப், ஜீன் பெர்கோ கிளீசன் இருவரும் 1980-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், 2 முதல் 5 வயது வரையுள்ள 22 குழந்தைகளுக்கு ஒரு சின்னப் பரிசு கொடுத்துவிட்டு என்ன நடக்கிறது என்று பார்த்தார்கள். தானாக நன்றி சொன்ன குழந்தைகள் மிக மிகக் குறைவு. பக்கத்திலிருந்த அப்பா அம்மாக்கள் ‘என்ன சொல்லணும்?’ என்று எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். படிக்கும்போது எனக்கு ஒரு நிம்மதி வரும், ஏனென்றால் ஆலோசனைக்காக என் அறைக்கு வரும் பெற்றோர் எல்லோரும் ‘என் பிள்ளை மட்டும்தான் இப்படி’ என்று நினைத்துக்கொண்டு தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறார்கள். உங்கள் பிள்ளை மட்டும் இல்லை, அந்த வயதே அப்படி. நாலு வயதில் தேங்க்ஸ் சொல்லாத காரணத்தால் செய்ந்நன்றி மறந்தவனாக வளர்ந்த பிள்ளை என்று ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. உங்கள் மாமியாரின் ‘இப்பவே இப்படின்னா’வுக்கு என் பதில் அதுதான். அவர் அதைப் பேரன் மீதுள்ள அக்கறையில்தான் சொல்லியிருப்பார், அதை மனதில் வைத்துக்கொண்டு புழுங்காதீர்கள்.

அப்படியென்றால் சொல்லிக் கொடுக்கவே வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். சொல் முதலில் வரட்டும், அர்த்தம் பின்னால் வந்து அதில் நிறையும். மொழியில் எத்தனையோ சொற்களை நாம் அப்படித்தான் கற்றோம். ஆனால் ஒரு முறை சொல்லிப் பாருங்கள், வரவில்லையா, அவனுக்காக நீங்களே சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். சொல்லும்போது வெறும் ‘தேங்க்ஸ்’ என்று முடிக்காமல் காரணத்தோடு சொல்லுங்கள்: “அண்ணி, இவனுக்கு ரயில்னா உயிர்னு ஞாபகம் வச்சு வாங்கிட்டு வந்திருக்கீங்க, ரொம்ப சந்தோஷம்.” இது நாத்தனாருக்கும் போய்ச் சேரும், பக்கத்தில் நின்று கேட்கும் பிள்ளைக்கும் ‘ஓ, அத்தை என்னை ஞாபகம் வைத்திருந்தாரா’ என்று ஒரு செய்தி போகும். மூன்றாவது முறை, நான்காவது முறை கெஞ்சும்போது அந்த இடத்தில் நன்றி காணாமல் போய் உங்கள் இருவருக்கும் நடுவே ஒரு மல்லுக்கட்டு மட்டும்தான் மிச்சமாகிறது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, தோற்றுப் போகிறோம் என்ற பயம் அவனுக்கும் வருகிறது, உங்களுக்கும் வருகிறது. அவன் அழுதது அதனால்தான்.

இப்போது கைப்பைக்கு வருகிறேன்.

பேசவே பேசாத ஒரு 5 வயதுப் பையன் என்னிடம் வந்துகொண்டிருந்தான். மூன்று வாரம் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கிரேயானால் வரைந்துகொண்டே இருப்பான், நீலம், எப்போதும் நீலம். நானும் ஒன்றும் கேட்க மாட்டேன், பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஏதாவது வரைவேன். நான்காவது வாரம் கிளம்பும்போது கதவு வரை போனவன் திரும்பி வந்தான். கையில் அந்த நீலக் கிரேயான் இரண்டாக உடைந்து இருந்தது, இழுத்து இழுத்துத் தேய்ந்து காகித உறை கிழிந்து தொங்கியது. ஒரு துண்டை என் மேசையின் ஓரத்தில், விழாத அளவுக்கு மெல்லத் தள்ளி வைத்தான். இன்னொரு துண்டைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அவன் அம்மாவுக்குச் சங்கடமாகிவிட்டது, “உடைஞ்சதையாடா ஆன்ட்டிக்குக் கொடுப்பே?” என்றார். எனக்கோ தொண்டை அடைத்துக்கொண்டது. தன்னிடம் இருந்த ஒரே நல்ல பொருளில் சரிபாதியை அவன் எனக்குப் பிரித்துக் கொடுத்திருந்தான். அந்தத் துண்டு இன்னும் என் மேசை டிராயரில் இருக்கிறது.

பிரான்சிஸ்கா பாம்கார்டன்-டிராமர் என்ற உளவியலாளர் 1938-லேயே பிள்ளைகளின் நன்றியைப் பற்றி எழுதியிருக்கிறார். ‘உன்னுடைய பெரிய ஆசை என்ன, அதை ஒருவர் நிறைவேற்றி வைத்தால் அவருக்கு நீ என்ன செய்வாய்’ என்று பிள்ளைகளிடம் கேட்டார். வந்த பதில்களில், ‘நன்றி சொல்வேன்’ என்பது ஒரு வகை. தனக்கு மிகவும் பிடித்த ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுப்பேன் என்பது இன்னொரு வகை. அந்தப் பெரியவருக்கு அது தேவையா, பயன்படுமா என்றெல்லாம் யோசனை கிடையாது. எனக்கு எது பொக்கிஷமோ அதை உனக்குத் தருகிறேன், அவ்வளவுதான். அவர் கேட்டது உங்கள் மகனைவிடப் பெரிய, பள்ளி வயதுப் பிள்ளைகளிடம்தான், ஆனால் அதே மனம் இன்னும் சின்ன வயதில் கல்லாகவும் இலையாகவும் வருவதை நான் தினமும் பார்க்கிறேன்.

ஆகவே, தோழி, தினமும் காலையில் உங்கள் கைப்பைக்குள் போவது குப்பை இல்லை. அவன் ஏன் தன் பையில் போட்டுக்கொள்ளாமல் உங்கள் பையில் போடுகிறான் என்று ஒரு முறையாவது கேட்டிருக்கிறீர்களா? நீங்கள் வெளியே போகும் நேரம் அவனுக்குத் தெரியும், அந்தப் பை உங்களோடு போகும் என்றும் தெரியும். எல்லாக் கல்லையும் வைத்துக்கொள்ளச் சொல்லவில்லை, அது முடியாது. ஒரு பழைய டப்பா வையுங்கள், அவன் தந்ததில் ஒன்றை அவன் கண்ணெதிரே அதில் போடுங்கள், மற்றவை திரும்பத் தோட்டத்துக்கோ தெருவுக்கோ போகட்டும். போடுவதற்கு முன்னால் அரை நிமிடம் அந்தக் கல்லைத் திருப்பிப் பாருங்கள். குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு இருக்கும், அல்லது ஒரு பக்கம் மட்டும் வழவழப்பாக இருக்கும், ஏதோ ஒன்று இருக்கும், அவன் அதைக் குனிந்து எடுத்ததற்குக் காரணம் இருக்கும். “இதுல உனக்கு எது பிடிச்சுது?” என்று கேளுங்கள். பதில் ரொம்ப நேரம் ஓடினால் பொறுமையாகக் கேளுங்கள்.

உங்கள் சின்னவளைப் பற்றிக் கடிதத்தில் ஒன்றுமே இல்லை. அதையும் கவனித்தேன். ஒன்றரை வயது என்பது எனக்கு மிகவும் பிடித்த வயது. ஃபீலிக்ஸ் வார்னகன், மைக்கேல் டொமசெல்லோ இருவரும் 2006-ல் 18 மாதக் குழந்தைகளைக் கொண்டு ஒன்று செய்து பார்த்தார்கள். முன்பின் தெரியாத ஒருவர் கை நிறையப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டு வந்து மூடிய அலமாரியில் போய் முட்டி நிற்பார், திறக்க முடியாமல் தவிப்பார். உதவி கேட்க மாட்டார். குழந்தைகள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தத்தித் தத்திப் போய்க் கதவைத் திறந்துவிட்டன. கீழே விழுந்ததை எடுத்துக் கொடுத்தன. அந்த ஆய்வில் இருந்த 24 குழந்தைகளில் 22 பேர் ஏதாவது ஒரு தடவையாவது உதவினார்கள். யாரும் பாராட்டவில்லை, பரிசு தரவில்லை. இரண்டு வருடம் கழித்து அதே இருவர் 20 மாதக் குழந்தைகளிடம் இன்னொன்றையும் பார்த்தார்கள்: உதவியதற்குப் பொம்மை பரிசாக வாங்கிய குழந்தைகள், பிறகு பரிசு இல்லாதபோது உதவுவது குறைந்துவிட்டது. அதனால்தான் தேங்க்ஸ் சொன்னால் ஸ்டிக்கர், உதவி செய்தால் நட்சத்திரம் என்று யாராவது யோசனை சொன்னால் நான் வேண்டாம் என்பேன்.

என் அறையில் ஒரு நாள் ஓர் அம்மா, தன் குட்டிப் பெண் சொல்பேச்சே கேட்பதில்லை என்று வருத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பேச்சு மும்முரத்தில் மடியிலிருந்த கைக்குட்டை நழுவித் தரையில் விழுந்தது, அவர் கவனிக்கவில்லை. குழந்தை நாற்காலியிலிருந்து பின்பக்கமாகச் சறுக்கி இறங்கி, உட்கார்ந்து, கைக்குட்டையை எடுத்து, அம்மா மடியில் வைத்து, பறந்துவிடாமல் இருக்க என்று நினைத்ததோ என்னவோ, உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போனது. அம்மா குனிந்துகூடப் பார்க்கவில்லை, பேசிக்கொண்டே இருந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவ்வளவு அசதி அவருக்கு. உங்கள் வீட்டிலும் ஒரு நாளைக்கு இப்படி எத்தனை நடக்கிறதோ! ஒரு நாள் ஒன்றே ஒன்றைப் பிடித்தால் போதும், “அம்மா துணி விழுந்ததைப் பார்த்து எடுத்துக் கொடுத்தியா, உதவியா இருந்துச்சு” என்று அந்த நேரத்திலேயே சொல்லிவிடுங்கள். நன்றி எப்படிச் சொல்ல வேண்டும் என்பதை இரண்டு பிள்ளைகளும் அதிலிருந்துதான் எடுத்துக்கொள்வார்கள்.

இனி உங்கள் விஷயம். கொஞ்சம் அழுத்தமாகவே பேசப் போகிறேன்.

6 வருடம் ஏங்கிப் பெற்ற பிள்ளை என்றால் அம்மாவுக்கு முதுகு வலிக்காதா? தூக்கம் வராதா? ‘இவ்வளவு வேண்டிக்கொண்டு பெற்றுவிட்டு இப்போது அலுத்துக்கொள்கிறேனே’ என்று நீங்கள் உங்களைக் குத்திக்கொள்கிறீர்கள். நீண்ட காத்திருப்புக்குப் பிறகு குழந்தை பெற்ற பல பெண்களிடம் இதே குரலைக் கேட்டிருக்கிறேன், மற்றவர்கள் சாதாரணமாகச் சொல்லும் ‘முடியலைடி’ என்ற ஒரு வார்த்தையைக்கூட இவர்கள் வெளியே சொல்லப் பயப்படுவார்கள். பிள்ளையின் மீதுள்ள நன்றியும் உடம்பின் அசதியும் வேறு வேறு அறைகளில் இருப்பவை, ஒன்று வந்தால் மற்றது வெளியேற வேண்டியதில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு கையில் அழும் பெண், காலைக் கட்டிக்கொண்டு நிற்கும் பையன் என்றிருக்கும்போது ‘கொடுத்து வைத்தவள் நான்’ என்று நெகிழ வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அந்த நேரத்தைத் தாண்டினால் போதும்.

அந்த நோட்டை இப்போதைக்கு மூடி வையுங்கள். நன்றிகளை எழுதி வைக்கும் பழக்கத்தை ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லா இருவரும் 2003-ல் ஆராய்ந்தார்கள், அதில் பலன் இருந்தது உண்மை. அவர்களுடைய முதல் ஆய்வில் எழுதச் சொன்னது வாரத்துக்கு ஒரு முறை, 10 வாரம். பின்னால் சோனியா லியுபோமிர்ஸ்கியும் அவரோடு இருந்தவர்களும் 6 வாரம் பார்த்தபோது, வாரம் ஒரு முறை எழுதியவர்களுக்கு மன நிறைவு கூடியது, வாரம் மூன்று முறை எழுதியவர்களுக்கு அப்படி நடக்கவில்லை. கடமையாகிவிட்டால் அதில் ஈரம் வற்றிவிடுகிறது என்று நான் புரிந்துகொள்கிறேன். உங்கள் விஷயத்தில் அது கடமையைத் தாண்டி, ராத்திரி பத்து மணிக்கு நடக்கும் விசாரணையாகவே ஆகிவிட்டது. காலையில் கத்தியது ஒரு பக்கம், மூன்று நன்றி ஒரு பக்கம் என்று தராசு பிடிக்கிறீர்கள். எழுதத்தான் வேண்டுமென்றால் வாரத்தில் ஒரு நாள், ஒரே ஒரு வரி, அதுவும் கண்ணால் பார்த்த ஒரு காட்சியாக இருக்கட்டும். ‘என் குழந்தைகள் ஆரோக்கியமாக இருக்கிறார்கள்’ என்பதைவிட, ‘பாப்பா இன்று தன் நிழலைப் பார்த்துக் கையாட்டினாள்’ என்று எழுதிப் பாருங்கள், வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.

ஒன்றை நேராகக் கேட்கிறேன். நோட்டைத் திறக்கும்போது மட்டும்தான் அழுகை வருகிறதா, மற்ற நேரத்திலும் வருகிறதா? பிள்ளைகள் தூங்கிய பிறகும் உங்களுக்குத் தூக்கம் வராமல் இருக்கிறதா, முன்பு பிடித்த எதுவும் இப்போது பிடிக்காமல் போய்விட்டதா? இப்படி இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்கள் போகின்றன என்றால் அது நன்றி இல்லாமை கிடையாது, மனச்சோர்வாக இருக்கலாம், மருத்துவரைப் பாருங்கள், தள்ளிப்போடாதீர்கள். ‘நான் இல்லாவிட்டால் நல்லது’ என்பது போன்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் அன்றைக்கே யாரிடமாவது சொல்லிவிட்டு, அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். உங்கள் கணவர் இந்தக் கடிதத்தில் எங்கேயும் வரவில்லை. அவரும் இந்தப் பதிலைப் படிக்கட்டும் என்று ஆசைப்படுகிறேன். சாயங்காலம் ஆறு மணியை அவர் வாரத்தில் சில நாளாவது முழுதாக எடுத்துக்கொண்டால், எந்த நோட்டும் தராத நிம்மதி உங்களுக்குக் கிடைக்கும்.

கத்துவதைப் பற்றி. எட்வர்ட் டிரானிக் என்ற உளவியலாளர் தாயும் கைக்குழந்தையும் முகம் பார்த்துக் கொஞ்சுவதை நொடி நொடியாகப் பதிவு செய்து பார்த்தவர். நன்றாக இருக்கும் தாய், நன்றாக இருக்கும் சேய், அவர்களே நேரத்தில் சுமார் 30 சதவீதம்தான் ஒருவரோடு ஒருவர் சரியாக இசைந்திருக்கிறார்கள். மீதி நேரமெல்லாம் தவறவிடுவதும் மறுபடி வந்து சேர்வதும்தான். அந்த மறுபடி வந்து சேர்வதில்தான் குழந்தை நம்பிக்கையைக் கற்கிறது. ஆகவே கத்திவிட்ட பிறகு என்ன செய்கிறீர்கள் என்பதைத்தான் உங்களிடம் அதிகம் கேட்பேன். அவன் உயரத்துக்குக் குனிந்து, “காலையில அம்மா கத்திட்டேன், உனக்குப் பயமா இருந்திருக்கும், கத்தினது அம்மா தப்பு” என்று சொல்லி நிறுத்திவிடுங்கள். ‘ஆனா நீ சாக்ஸ் போட்டிருந்தா நான் ஏன் கத்தப் போறேன்’ என்ற வால் வேண்டாம், அந்த வால் வந்ததும் மன்னிப்பு குற்றச்சாட்டாகிவிடும். அடிக்கடி அடிக்கக் கை ஓங்குகிற அளவுக்குக் கோபம் வருகிறதென்றால் அதற்குத் தனியாக உதவி தேவை, நேரில் யாரையாவது பாருங்கள்.

சாக்ஸுக்கு ஒரு வழி சொல்கிறேன், ஏனென்றால் தினசரிச் சண்டைகளில் பாதி இந்த மாதிரித் துணிச் சண்டைதான். 4 வயதுக் கைக்கு சாக்ஸ் உண்மையிலேயே கடினம், வாயை இரண்டு கையாலும் விரித்துப் பிடிக்க வேண்டும், விரல்கள் மடங்காமல் உள்ளே போக வேண்டும், குதிகால் பகுதி திரும்பி மேலே வந்துவிட்டால் எல்லாம் கோணலாகிவிடும். அதனால் தலைகீழாகக் கற்றுக் கொடுங்கள். குதிகால் வரை நீங்களே மாட்டிவிட்டு, கடைசி இழுப்பை மட்டும் அவனிடம் விடுங்கள். முடித்தவன் அவன்தான் என்ற பெருமை அவனுக்குக் கிடைக்கும். அது கைவந்ததும் பாதிப் பாதத்தில் நிறுத்துங்கள், அப்புறம் விரல்களில். சில வாரம் பிடிக்கும். பத்து நிமிடம் முன்னதாக ஆரம்பியுங்கள், உட்கார உயரம் குறைந்த ஒரு முக்காலி போடுங்கள். சில பிள்ளைகளுக்கு விரல்நுனியில் இருக்கும் தையல் உறுத்தும், அதையும் கேட்டுப் பாருங்கள், சாக்ஸை உள்வெளியாகத் திருப்பிப் போட்டால்கூடச் சிலருக்குச் சரியாகிவிடுகிறது.

ராத்திரி படுக்கும்போது நோட்டுக்குப் பதிலாக இரண்டு நிமிடம் அவனோடு பேசுங்கள். ‘இன்னைக்கு எதுக்கெல்லாம் நன்றி சொல்லணும்’ என்று கேட்டால் 4 வயதுக்காரன் விழிப்பான். “இன்னைக்கு உன் ஷூ ஒண்ணு காணாம போச்சே, யாரு தேடிக் கொடுத்தா?” என்று கேளுங்கள். “அப்பா.” “அப்பா எங்கெல்லாம் தேடினார்?” “கட்டிலுக்கு அடியில, படுத்துக்கிட்டு!” “அவருக்கும் ஆபீசுக்கு நேரமாச்சு, இருந்தாலும் ஏன் தேடினார்?” இந்த ‘ஏன்’ என்ற கேள்வியில் அவன் கொஞ்ச நேரம் யோசிப்பான். அங்கேதான் அடுத்தவர் மனது ஒன்று இருக்கிறது என்பது அவனுக்குள் முளைக்கிறது. நடந்ததைப் பெற்றோர் இப்படி விவரமாகத் திரும்பப் பேசும் வீடுகளில் பிள்ளைகளுக்கு நினைவுகள் நன்றாக நிற்கின்றன என்று ராபின் ஃபிவுஷ், எலைன் ரீஸ் போன்றவர்களின் பல வருட ஆய்வுகளில் தெரிய வந்திருக்கிறது. சில ராத்திரி அவன் பதிலே சொல்லாமல் தூங்கிவிடுவான், விட்டுவிடுங்கள்.

கடைசியாக அந்த அட்டைப்பெட்டி. ரயிலை விட்டுவிட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனான் என்று எழுதியிருந்தீர்கள், பெட்டி என்ன ஆயிற்று என்று எழுதவில்லை. இன்னும் வீட்டில் எங்காவது கிடக்கும் என்று நினைக்கிறேன். அவனிடம் கேளுங்கள், அது என்ன என்று. அது வீடாக இருக்கலாம், படகாக இருக்கலாம், தங்கச்சியை உட்காரவைத்து இழுக்கும் வண்டியாக இருக்கலாம். என்னவாக இருந்தாலும், வரும் விடுமுறை நாளில் அத்தைக்கு வீடியோ கால் போட்டு, “நீங்க கொண்டு வந்த பெட்டி இப்ப என்ன ஆகியிருக்குன்னு இவன் காட்டணுமாம்” என்று போனை அவன் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். தேங்க்ஸ் சொல்லச் சொல்லி எடுத்துக் கொடுக்க வேண்டாம். அவன் பெட்டியை எப்படிக் காட்டுகிறான், உங்கள் நாத்தனார் என்ன சொல்கிறார் என்று மட்டும் பாருங்கள். முடிந்தால் எனக்கும் எழுதுங்கள்.